ரெண்டே ரெண்டு மூடி

ஒன் வீட்டுக்காரருக்குக் கை ஆடுதுல்லா? ஓ.பி. சீட்டு போடுத எடத்துல பாத்தேன். ஆதார் கார்டை நீட்டுதாரு, அது படபடன்னு அடிக்குது. நீ வெடுக்குன்னு பிடுங்கி நீயே நீட்டுன. தப்பா நெனைக்காத தாயி. சுகர் மாத்திரைக்கு மாசாமாசம் வந்து இதே பெஞ்சுலதான் உக்காருதேன். வாரவுக மூஞ்சியப் பாத்தே யாரு எந்த டாக்டருக்கு வந்திருக்காவன்னு சொல்லிருவேன்.

விட்டு எத்தன நாளாச்சு? இருவத்தாறா? குடிக்கையில ஆடல, விட்டதுக்கப்புறந்தான் ஆடுதுங்கியா? அதான் அந்த எளவோட கூத்து. எனக்குத் தெரியாததா? எங்கூடப் பிறந்தவன் சொரிமுத்து, இந்தா, நீ உக்காந்திருக்க எடத்துலதான் உக்காந்திருப்பான். ஒனக்கு முன்னால இன்னும் நாப்பது டோக்கன் இருக்கு. அவரு எங்க, ரத்தம் குடுக்கப் போயிருக்காரா? பைய வரட்டும். நீ சாஞ்சு உக்காரு.

எங்களுக்கு அம்பாசமுத்திரம் பக்கம். எங்க ஆத்தா சாவும்போது எனக்குப் பதிமூணு வயசு, அவனுக்கு அஞ்சு. குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துட்டுப் போயி விட்டது பூராவும் நான்தான். அக்கான்னா அவனுக்கு அம்புட்டு உசுரு. நான் ஒண்ணு சொன்னா தட்ட மாட்டான். அது தெரிஞ்சாத்தான் மீதி ஒனக்கு வெளங்கும்.

கொத்தனாரு அவன். பூச்சு வேலைக்கு அவன விட்டா எங்க சுத்துப்பட்டுல ஆளு கெடையாது. அவன் பூசுன சொவத்துல கன்னத்த வச்சு ஒரசலாம். காலையில சாரத்துல ஏறும்போது ஒரு குவாட்டரு, சாயந்திரம் எறங்குனா ஒரு குவாட்டரு. இருவத்திரண்டு வருசம் அப்படியே ஓடிட்டு. ஒரு சொவரு கோணிக்கிட்டுப் போனதுன்னு யாரும் சொன்னது கெடையாது. பொண்டாட்டிய ரெண்டு தடவ அடிச்சிருக்கான், இல்லைங்கல. ஆனா கை மட்டும் அவனுக்கு ஆடுனதே கெடையாது.

போன வருசம் ஆடியில வாயால ரத்தமா எடுத்தான். வாளியில பாதிக்கு எடுத்தான். இங்கதான் கொண்டாந்து போட்டோம். ஒரு பொம்பள டாக்டரு, சின்னப் பிள்ள, என்னையும் அவன் பொண்டாட்டி உலகம்மாளையும் கூப்பிட்டு, "ஈரல் சுருங்கிப் போச்சும்மா. தொண்டைக்குள்ள ரத்தக்கொழா வீங்கிப் போய் நிக்கி. இனிமே கொஞ்சம் குடிச்சாலும் அது வெடிக்கும். அப்புறம் எங்ககிட்ட வந்து பிரயோசனம் இல்ல"ன்னு சொல்லிட்டா. உலகு அப்படியே தரையில உக்காந்துட்டா. நான் உக்காரல. டாக்டருமாரு அப்படித்தான் பயங்காட்டுவாவ. எனக்கும் பதினோரு வருசமா, இனிப்பத் தொட்டா காலை எடுத்துருவோம்னு சொல்லிக்கிட்டுதான் இருக்காவ. காலு இந்தா இருக்கு.

ஆனா அவன் விட்டுட்டான் தாயி. அதச் சொல்லணும். ஆஸ்பத்திரியில பதினஞ்சு நாளு கட்டில்ல கட்டிப் போட்டு, பாம்பு வருது பல்லி வருதுன்னு கத்தி, அதையெல்லாம் தாண்டி வீட்டுக்கு வந்தான். வந்தா சரியாயிரும்னு நாங்க நெனச்சோம். எங்க சரியாச்சு? ஒன் வீட்டுக்காரரு தம்ளர எப்படிப் பிடிக்காரு? ரெண்டு கையாலயா? இவனுக்கு ரெண்டு கையும் போதல. தம்ளரத் தரையில வச்சு, குனிஞ்சு வாயக் கொண்டுபோய் உறிஞ்சுவான். நாப்பத்தேழு வயசு ஆம்பள.

உள்ளங்கால் எரியுதும்பான். மொளகா அரைச்சுத் தேச்ச மாதிரி இருக்குக்காம்பான். ஈரச்சாக்க விரிச்சு அதுல காலை வச்சுக்கிட்டு உக்காந்திருப்பான். தூக்கம் கெடையாது. தலகாணி வேர்வையில நனைஞ்சு போயி உலகு தெனமும் வெயில்ல காயப் போடுவா. குக்கர் விசிலடிச்சா தூக்கி வாரிப் போடும். பேசிக்கிட்டே இருப்பான், திடீர்னு வார்த்த வராது. மட்டப்பலகைங்கத மறந்துட்டு, "அந்த... அந்த நீளமா இருக்குமே"ம்பான். சின்ன வயசுலேந்து பிடிச்ச சாமான், அதோட பேரு வரல அவனுக்கு. அப்புறம் டிவியில சோப்பு விளம்பரத்துல ஒரு புள்ள அப்பாவக் கட்டிப் பிடிக்கும், அதப் பாத்துட்டுத் தேம்பித் தேம்பி அழுவான். எனக்கு ஆத்திரமா வரும். இதுக்குக் குடிச்சிட்டே இருந்திருக்கலாமேன்னு வாய் வரைக்கும் வரும்.

நாலு நாளு நல்லா இருப்பான். சொவத்துல சாஞ்சு பேப்பர் படிப்பான், சிரிப்பான், சரியாயிட்டான்னு நெனப்போம். அஞ்சாவது நாளு பழைய குருடி கதவத் திறடின்னு மறுபடியும் ஆட்டம். டாக்டரம்மாட்ட கேட்டா, "இது இப்படித்தான் வரும், போகும். மூளையும் நரம்பும் இருவத்திரண்டு வருசம் அந்த விஷத்துக்குப் பழகியிருக்கு. பழைய நெலைக்கு வர ஆறு மாசம் ஆகலாம், ஒரு வருசமும் ஆகலாம். இது கெட்ட அறிகுறி இல்ல, பொறுத்திருக்கணும்"ன்னா. அவன் வெளிய வந்து எங்கிட்டச் சொல்லுதான், "பூச்சு இறுகுததுக்கே ஏழு நாளு தண்ணி விடணும்லாக்கா. எனக்கு ஒரு வருசம்"ன்னு. சிரிச்சுக்கிட்டே சொல்லுதான். எனக்குச் சிரிப்பு வரல. மருந்து வேல செய்யலைன்னு சொல்லத் தெரியாம டாக்டரம்மா இப்படிச் சுத்தி வளைக்கான்னு தோணிச்சு.

உலகு இருக்காளே, அவ தெனமும் காலண்டர்ல ஒரு குறி போடுவா. நீயும் போடுதியா? போடாத. நாளை எண்ணிக்கிட்டே இருந்தா அந்த நெனப்புதான் வரும். நான் அவட்ட அப்பமே சொன்னேன், கேக்கல.

இதுக்கு நடுவுல அவன் மக சுபிதாவுக்குக் கல்யாணம் கூடி வந்துட்டு. ஒரே மக. பி.எட். முடிச்சிருந்தா. மாப்ள வீடு தென்காசி, பையன் கரண்டாபீஸ்ல வேலை. மாப்ளைக்கு அப்பா ரிட்டயர்டு தலைமை வாத்தியாரு. வெத்தல கூடப் போட மாட்டாவ. அந்த எடத்தப் பாத்துக் கொண்டுவந்ததே நான்தான். பொண்ணோட அப்பாவுக்குப் பழக்கம் எதுவும் உண்டான்னு கேட்டாவ. அய்யய்ய, வாசனையே ஆகாதுன்னேன். பின்ன, இப்போ ஆகாதுதானே? பொய்யா சொன்னேன்?

ஆவணியில நிச்சயதார்த்தம். தாம்பூலத் தட்ட ரெண்டு பக்கத்து அப்பாமாரும் கைமாத்தணும். இவன் தட்டத் தூக்குனான் பாரு, கலகலன்னு ஆடி, தேங்கா உருண்டு போயி சம்மந்தி கால்மாட்டுல விழுந்துட்டு. சம்மந்தி குனிஞ்சு எடுத்துத் தட்டுல வச்சாவ, ஒண்ணும் சொல்லல. ஆனா அவுக தங்கச்சி ஒருத்தி பக்கத்துல இருந்தவட்ட, "காலையிலேயேவா?"ன்னு கேட்டது எங்காதுல விழுந்துட்டு. அன்னைக்கு முப்பத்தஞ்சாவது நாளு. பச்சத்தண்ணியத் தவிர வேற குடிக்காதவன். அவனுக்கும் கேட்டிருக்கும் போல, வேட்டிக்குள்ள கைய ஒளிச்சு வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தான். குடிச்சுத் திரிஞ்ச இருவத்திரண்டு வருசத்துல எவனும் அவனக் கேவலமாப் பாத்ததில்ல தாயி. குடிய விட்டதுக்கப்புறம் ஊரே குடிகாரன்னு பாக்குது. இது என்ன நியாயம்?

சுகரு, அதான் கை நடுங்குதுன்னு சொல்லிச் சமாளிச்சேன். அப்பவே உலகு சொன்னா, "மதினி, உள்ளதச் சொல்லிருவோம். குடிச்சாரு, விட்டுட்டாரு, மருந்து சாப்புடுதாருன்னு சொன்னா என்ன கொறஞ்சு போச்சு?"ன்னு. நல்லா இருக்கே கத! நம்ம வாயால நாமளே போயி குடிகாரன் வீடுன்னு எழுதிக் குடுக்கவா? வாய மூடிக்கிட்டு இருடின்னு ஒரு சத்தம் போட்டேன். அவளுக்கு வெவரம் பத்தாது.

எங்கள்ல ஒரு வழக்கம். தாலி கட்டுததுக்கு முன்னால பொண்ணத் தாரை வாத்துக் குடுக்கணும். பொண்ணு கைய மாப்ள கையில வச்சு, அதுக்கு மேல செம்புத் தண்ணிய ஊத்தணும். சில பேருக்குள்ள தாய்க்காரி ஊத்துவா, எங்கள்ல தகப்பந்தான். சன்னமா, அறாம விழணும். சபையே பாத்துட்டு நிக்கும், வீடியோக்காரன் வெளக்கப் போட்டுக்கிட்டு கிட்டக்க வந்து நிப்பான். நிச்சயத்துல தேங்கா விழுந்ததுலேந்து எனக்கு அந்தச் செம்புதான் கண்ணுல நின்னுது. செம்பு ஆடி, தண்ணி மாப்ள மேல பூராம் சிந்தி, அந்தத் தங்கச்சிக்காரி வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கா. தெனமும் அதே கனவு எனக்கு.

பெரியப்பா மகன் ஒருத்தர் இருக்காரு, அவர விட்டு ஊத்தச் சொல்லுவோம்னேன். இவன் ஒத்துக்கல. "ஆடுனா ஆடட்டும்க்கா. எம் புள்ளைய நான்தான் தாரை வாப்பேன். இதுக்காகத்தான் குடிய விட்டேன்"ன்னான். அந்தப் புள்ள சுபிதாவும், "நீங்க ஊத்துங்கப்பா. நான் இன்னொரு கையால செம்புக்கு அடியில தாங்கிக்கிடுதேன்"ன்னா. கல்யாணத்துக்கு முந்துன நாளு சாயந்திரம் மண்டபத்து மாடியில வச்சு அப்பனும் மகளும் ஒத்திகை வேற பாத்தாவ. இவன் ஊத்துதான், அவ கீழ கைய வச்சுத் தாங்குதா, ரெண்டு பேரும் கெக்கேபிக்கேன்னு சிரிக்காவ. கொஞ்சம் சிந்தத்தான் செஞ்சுது. சிந்துனா என்னன்னு அவ கேட்டா. சின்னப் புள்ள, அவளுக்கு என்ன தெரியும்? நாலு பேரு நாலு விதமாப் பேசுவாவளே, அதக் கேக்கப் போறது யாரு?

கல்யாணத்தன்னைக்குக் காலையில அவனுக்கு ஆட்டம் கூடிட்டு. பட்டு வேட்டி கட்டத் தெரியல, உலகுதான் கட்டி விட்டா. நெத்தியில திருநீறு பூசப் போயி கண்ணுக்குள்ள பூசிக்கிட்டான். தூக்கமில்ல, பயம், கூட்டம். மோளச்சத்தத்துக்கு ஒவ்வொரு அடிக்கும் ஒடம்பு தூக்கிப் போடுது. மேல போட்ட சட்ட ரெண்டு தடவ நனைஞ்சு மாத்திட்டோம். அவன் எங்கையப் பிடிச்சுக்கிட்டு, "யக்கா, பக்கத்துலயே இரு"ன்னான். நான் என்ன செய்ய? சொல்லு. பெத்த தாய் மாதிரி வளத்தவ நான், அந்தக் கோலத்துல அவன மேடையேத்தி ஊருக்குக் காட்டவா?

இத நான் இதுவரைக்கும் ஒருத்தர்ட்டயும் சொன்னது கெடையாது. நீ யாரோ எவரோ. ஒன் ஊரும் எனக்குத் தெரியாது.

எங்க வீட்டுக்காரவுக அளவாக் குடிப்பாவ. குடிகாரரு இல்ல. வாரத்துல நாலு நாளு, மிஞ்சிப் போனா அஞ்சு. அவுக பையில ஒரு பிராந்தி பாட்டிலு இருந்துது. எவர்சில்வர் தம்ளர்ல கலர் சோடாவ ஊத்தி, அதுல ரெண்டே ரெண்டு மூடி. மூடின்னா பாட்டில் மூடி. மருந்து மாதிரி. சளிக்குப் பிள்ளையளுக்குக் கூடக் குடுப்பாவல்லா? அந்தக் கை ஒரு மணி நேரம் நிக்கணும், அதுக்கப்புறம் யாரு குடின்னு சொல்லப் போறா? ரெண்டு மூடி வாசன கூடத் தெரியாதேன்னு இன்னும் கொஞ்சம் விட்டேன். கால் தம்ளர் இருந்திருக்கும்.

"தொண்ட காஞ்சு கெடக்கே, இந்தா கலர் குடி"ன்னு வாய்க்கிட்ட நானே பிடிச்சேன். அவனுக்குத் தம்ளர் பிடிக்க வராதே. ஒரு வாய் குடிச்சான். நிறுத்திட்டான். நிமிந்து என்னையப் பாத்தான். ஒண்ணும் கேக்கல. கோவமும் படல. சின்னப் புள்ளையில காய்ச்சலுக்குக் கசப்பு மருந்து குடுப்பேன், அப்போ இப்படித்தான் பாப்பான், இதக் குடிக்கத்தான் வேணுமான்னு. "குடிலே, அக்கா சொல்லுதேன்லா"ன்னேன். குடிச்சான். முழுசையும் குடிச்சான். வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வற்புறுத்தியிருப்பேனா? அவன் சொல்லலியே.

அன்னைக்குத் தொண்ணூத்தேழாவது நாளு. உலகு காலையிலேயே போன்ல காலண்டர் படம் எடுத்து எல்லாருக்கும் காட்டிக்கிட்டு இருந்தா.

மேடைக்கு வந்தான் பாரு தாயி. கால் மணி நேரத்துல ஆளே மாறிட்டான். நெஞ்ச நிமித்தி நிக்கான். செம்ப எடுத்தான். ஆடல. ஒரு துளி ஆடல. நான் கீழேருந்து கும்புட்டேன். தண்ணி ஊத்த மகளுக்கு நேரா குனிஞ்சான். அவ செம்புக்கு அடியில கையக் கொண்டுவந்தவ, அவன் மூச்சு அவ மூஞ்சியில பட்டிருக்கும் போல, கைய அப்படியே நிறுத்திட்டா. அவன நிமிந்து பாத்தா. பைய கைய எடுத்துக்கிட்டா. எடுத்து மடியில வச்சுக்கிட்டா. தண்ணி சன்னமா, அறாம விழுந்துது. அவ கண்ணுலேந்தும் விழுந்துது. பொண்ணு பிரியுத வேதனையில அழுதுன்னு எல்லாரும் நெனச்சாவ. வீடியோ எம் போன்ல இருக்கு, காட்டவா? கையப் பாரு, கல்லு மாதிரி நிக்கும்.

அன்னைக்கு மாப்ள வீட்டுக்குக் கெளம்பையில அம்மாவக் கட்டிப் பிடிச்சு அழுதா, என்னையக் கட்டிப் பிடிச்சு அழுதா. அவன் கார்க்கதவு பக்கத்துல நின்னு, "தாயி"ன்னான். கண்ணாடிய ஏத்திட்டா.

சாயந்திரம் மண்டபத்துல சாமான் ஒழிச்சுக்கிட்டு இருக்கும்போது ஆளக் காணோம். பிராந்திக்கடையில நின்னான். மறுநாளும் நின்னான். அதுக்கப்புறம் வீடு தங்கல. நீயே சொல்லு, நான் குடுத்தது ஒரு கால் தம்ளர். அதுக்கு மேல அவன் குடிச்சதெல்லாம் நான் ஊத்திக் குடுத்தேனா? தொண்ணூத்தேழு நாளு விடத் தெரிஞ்சவனுக்குத் தொண்ணூத்தெட்டாவது நாளு விடத் தெரியாதா? மக பேசலைங்குத துக்கத்துல குடிச்சான், அதுதான் உண்ம. பேசாததும் அவதானே?

அவ பேசவே இல்ல. மறுவீடு வந்தப்போ அப்பன் இருக்க ரூமுக்குள்ள போகல. போன் போட்டா எடுக்க மாட்டா. எனக்குத்தான் தெனமும் போன் போடுவா. "அத்தை, ஒரே ஒரு நாளு. எனக்காக ஒரு நாளு இருக்கக் கூடாதா? கை ஆடுனா நான் பிடிச்சிருக்க மாட்டேனா?"ன்னு அழுவா. நான் என்ன சொல்ல? "விடு தாயி, ஆம்பளையளே அப்படித்தான்"ன்னு தேத்துவேன். இப்பம் போயி அப்படி இல்ல இப்படின்னு ஆரம்பிச்சா ரெண்டு குடும்பமும் நாறும். புதுசா வாழப் போன புள்ள, அதுக்கும் நிம்மதி போயிரும். அவ நல்லதுக்குத்தான் நான் வாயத் தொறக்கல.

கல்யாணம் முடிஞ்ச நாப்பத்தோராவது நாளு மறுபடியும் ரத்தம். இந்தத் தடவ வாளி போதல. அந்த டாக்டரம்மா வந்து பாத்துட்டு, அவன் கட்டில்ல கைய ஊனி, "தொண்ணூத்தேழு நாளு இருந்தீங்களே ஐயா. ஏன்?"ன்னு கேட்டா. அவளுக்கே கண்ணு கலங்கிட்டு. அவன் மேல பாத்துக்கிட்டுக் கெடந்தான்.

சுபிதா வந்தா. மாப்ளையும் சம்மந்தியும் கூட வந்தாவ. அவ வாசப்படியிலயே நின்னா, உள்ள வரல. "ஏம்ப்பா?"ன்னு அவளும் அதேதான் கேட்டா. நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் பிளாஸ்க்கப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன். அவன் கண்ணு அவளப் பாத்துது, அப்புறம் என்னையப் பாத்துது. ரொம்ப நேரம் பாத்துது. பாத்துட்டு, "ஆசையா இருந்துச்சு தாயி. நானாத்தான் குடிச்சேன்"ன்னான்.

பாத்தியா எம்மேல வச்ச உசுர! அந்த நெலமையிலயும் அக்காவக் காட்டிக் குடுக்கல. நான் பிளாஸ்க் மூடியத் திருகிக்கிட்டே நின்னேன். அவ திரும்பிப் போயிட்டா. மறுநாளு மத்தியானம் அவன் போயிட்டான். கடைசி வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தான். அக்காவத்தான் தேடுதான்னு நான் பக்கத்துலயேதான் இருந்தேன்.

எழவு வீட்டுல சம்மந்தி எம் பக்கத்துல வந்து உக்காந்து, "எங்க அண்ணாச்சிக்கும் இப்படித்தாம்மா, குடிய விட்டப்போ ஒரு வருசம் கை நடுங்குச்சு. முன்னமே தெரிஞ்சிருந்தா நானே அந்தச் செம்ப ஒரு பக்கம் பிடிச்சிருப்பேனே"ன்னாவ. அதக் கேட்டதும் எனக்குக் கோவந்தான் வந்துது. இந்த மனுசன் இத நிச்சயத்தன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா?

இல்ல இல்ல, நான் அழல. சுகருல கண்ணு இப்படித்தான் தண்ணியா வடியும். நீ ஏன் அப்படிப் பாக்க? நான் என்ன விஷமா குடுத்தேன்? எம் எடத்துல நீ இருந்தா... சரி, விடு. ஒனக்கு இப்பத்தானே இருவத்தாறு நாளு. ஒனக்கும் ஒரு நாத்தனா, ஒரு கொழுந்தன், ஒரு கல்யாணம் காச்சின்னு வரும்லா, அப்பத் தெரியும்.

போன மாசம் சுபிதாவுக்கு ஆண்புள்ள. முப்பதாம் நாளு பேரு வைக்கக் கூடுனோம். சம்மந்தி எந்திரிச்சு, "நான் உசுரோட இருக்கேன், எம் பேரு வேண்டாம். அம்மா வழித் தாத்தா பேர வையிங்க, அதுதான் மொற"ன்னாவ. எம்புட்டுப் பெரிய மனசு பாரு. சுபிதா தலைய நிமுத்தல. புள்ளைக்குத் துணிய இழுத்து விட்டுக்கிட்டே, "குடிகாரன் பேரச் சொல்லி எம் புள்ளைய நான் கூப்புட மாட்டேன்"ன்னா. உலகு எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டா. அப்போ சுபிதா எம் பக்கம் திரும்பி, "அத்தை, அப்பாவப் பத்தி ஒங்களுக்குத் தெரியாதது ஒண்ணும் இல்ல. நீங்களே சொல்லுங்க, நான் சொல்லுதது தப்பா?"ன்னு கேக்கா.

அம்புட்டுப் பேரும் எம் மூஞ்சியப் பாக்காவ. வாயத் தொறந்தேன் தாயி. தொறந்து, "ஒன் புள்ள, ஒன் இஷ்டம்"ன்னேன்.

புள்ளையோட அத்தைக்காரிதான் காதுல மூணு தடவ பேரு சொல்லணும், மாப்ளைக்குக் கூடப் பிறந்த பொம்பள கெடையாது. அதனால, "காதுல பேரு நீங்கதான் சொல்லணும் அத்தை, எனக்கு ஒங்கள விட்டா யாரு இருக்கா?"ன்னு புள்ளையக் கொண்டாந்து எம் மடியில போட்டா. கம்ப்யூட்டர்ல தேடி எடுத்த பேரு, எனக்கு வாயில நொழையல, ஒரு சீட்டுல எழுதிக் குடுத்திருந்தா. புள்ள காது, மூக்கு, அந்த நெத்தி, எல்லாம் அப்படியே சொரிமுத்து. குனிஞ்சு காதுல வாய வச்சேன். அவ எம் முதுகத் தடவிக்கிட்டே நிக்கா.

மூணு தடவையும் சீட்டுல இருந்த பேரத்தான் சொன்னேன்.